உபதேசியார் பெட்டியும் கோட்டையூர் வீடும்

புதிதாகக் கட்டிய வீடொன்றை மந்திரிக்கச் சென்றிருந்தேன். தீர்த்தம் தெளித்துக்கொண்டே அறை அறையாக நடந்தேன். திரு இருதய ஆண்டவர் படத்திற்கு அழகிய பீடம் அமைத்திருந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கெனச் சுவரிலேயே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் பொம்மைகளும் பரிசுக் கோப்பைகளும் வரிசையாக நின்றன. குறை சொல்ல ஏதுமில்லை. செபம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில், "தாத்தாவின் புத்தகப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள், தம்பி?" என்று கேட்டேன். அவ்வீட்டுக்காரரின் பாட்டனார் நெடுங்காலம் உபதேசியாராக இருந்து மறைந்தவர். அவருடைய மரப்பெட்டியைப் பற்றிப் பங்கில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"பழைய வீட்டை இடிக்கும்போது எடைக்குப் போட்டுவிட்டோம், சாமி. எல்லாம் செல்லரித்துக் கிடந்தது" என்றார் அவர். அந்தக் குரலில் கள்ளமும் இல்லை, வருத்தமும் இல்லை.

கடிந்துகொள்ள வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். காரணம் உண்டு. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பை ஏற்றேன். ஆயர் அவர்களின் வருகை நெருங்கியது. இளமையின் சுறுசுறுப்பில் பங்கு இல்லத்தை ஒரே நாளில் துப்புரவு செய்ய முற்பட்டேன். பின்னறையில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடந்தன. முன்னாளில் அவ்வூரில் பணியாற்றிய உபதேசியார் ஒருவர் இறந்தபின், அவருடைய வீட்டார் கோயிலுக்கென்று கொடுத்தவை அவை. தூசியும் கரப்பானும் கண்டு முகம் சுளித்தேன். இரண்டு சாக்குகளில் கட்டிப் பழைய காகிதக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கிடைத்த பணத்தில் சுண்ணாம்பு வாங்கியதாக நினைவு. ஆயர் வந்தார், இல்லம் தூய்மையாக இருப்பதாகப் பாராட்டினார்.

ஒரே ஒரு நூல் மட்டும் தப்பிற்று. அலமாரியின் ஒரு கால் உயரம் குறைந்திருந்ததால், யாரோ அதை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பின்னர் எடுத்துப் பார்த்தபோது அட்டையும் இல்லை, முகப்புப் பக்கமும் இல்லை. ஏதோ பழைய தியான நூல். ஆனால் பக்க ஓரங்களில் பென்சிலால் நுண்ணிய கையெழுத்து ஓடிற்று. இன்ன நாளில் இன்னார் குழந்தைக்கு மரண ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுத்தது, ஆற்றில் வெள்ளம் வந்து குருவானவர் வர இயலாமற் போனது, ஞாயிறு செபத்தைத் தாமே நடத்தியது என, ஓர் ஊரின் விசுவாச வாழ்வு அந்த ஓரங்களில் எழுதப்பட்டிருந்தது. சாக்குகளில் போனவற்றின் ஓரங்களில் என்னென்ன இருந்தனவோ! அன்று முதல் அந்நூல் என் பெட்டியிலேயே இருந்து வந்தது. பங்கு மாறும்போதெல்லாம் அதுவும் என்னோடு மாறிற்று.

புது வீட்டில் காப்பி அருந்திய அன்றிரவு அதை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். இது என்ன நூல் என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. காரைக்குடியில் ஒரு திருமணமும், அதையடுத்துச் சென்னையில் ஓர் அலுவலும் எனக்கு இருந்தன. நூலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கோட்டையூர் வீதியில்

திருச்சியிலிருந்து காரைக்குடி செல்லும் இருப்புப் பாதையில் புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு ஆகிய நிலையங்களைக் கடந்தால் கோட்டையூர் வரும். திருமயத்துக் கோட்டையை வண்டியிலிருந்தே காணலாம். அதன்பின் செம்மண்ணும் கருவேலமுமாக நிலம் நீளுகிறது. மழைநீரையே நம்பிய பூமி. ஆகையால் ஊர்தோறும் ஊருணிகளைக் கட்டிப் பேணியிருக்கிறார்கள்.

திருமணம் முடிந்த மறுநாள் காலை கோட்டையூரில் இறங்கி நடந்தேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் இது. காரைக்குடியில் அவர் நிறுவிய கல்விக்கூடங்கள் இன்று ஒரு பல்கலைக்கழகமாகவே விளங்குகின்றன. வீதிகள் நேராகவும் அகலமாகவும் இருக்கின்றன. வீடுகளோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எனக் கட்டுக் கட்டாக உள்ளே போகின்றன. வாயில்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், தலைவாசலில் நிற்பவருக்குப் பின்கட்டின் வெளிச்சம் தெரிகிறது. பருமாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கற்கள், கண்ணாடிபோல் மின்னும் சுண்ணச் சுவர்கள் என்று செல்வத்தின் அடையாளங்களுக்குக் குறைவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

இந்த வீதிகளில் வாழ்ந்த ஒருவர் வேறு வகைச் செல்வம் சேர்த்தார். அவர்தாம் ரோஜா முத்தையா அவர்கள். இளமையில் சென்னை சென்று விளம்பரப் பலகை எழுதும் தொழில் நடத்தியவர். அந்நாளில் சென்னையில் பழைய புத்தகங்களுக்குப் பேர்போன இடம் மூர் மார்க்கெட். 1985 மே மாதம் தீக்கிரையாகும் வரை, கற்றவரும் கல்லாதவரும் அங்கே நூல்களைக் கிளறிக்கொண்டிருந்தனர். முத்தையாவும் அங்கே போய்ப் போய்ப் பழகிப் புத்தகப் பித்தரானார். பிறகு சொந்த ஊர் திரும்பி, ஆயுள் முழுவதும் நூல் சேர்ப்பதையே தவமாகக் கொண்டார்.

அவர் சேர்த்தவை புத்தகங்கள் மட்டுமல்ல. வார மாத இதழ்கள், நாடக விளம்பரத் தாள்கள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் என மற்றவர் குப்பை என்று எறிந்தவற்றையும் சேர்த்தார். இதழ்களில் வந்த கட்டுரைகளை வெட்டிப் பொருள்வாரியாகத் தொகுத்தார். பூச்சி அரிக்காதிருக்கச் சிட்ரோனெல்லா என்னும் புல்லெண்ணெயைப் பயன்படுத்திப் பார்த்தார். உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அவர் வீட்டைத் தேடி வந்தனர். அரசு மானியமோ நிறுவனத்தின் துணையோ இல்லாமல், ஒரு குடும்பத்தின் கூரையின்கீழ் ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் சேர்ந்தன.

1992இல் அவர் காலமானார். ஒரு மனிதர் மறைந்ததும் அவர் சேர்த்தவை சிதறிப்போவது உலக வழக்கம். இங்கே அவ்வாறு நேரவில்லை. சிகாகோப் பல்கலைக்கழகம் தொகுப்பு முழுவதையும் விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கடல் கடந்து கொண்டுசெல்லாமல், தமிழ் மண்ணிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று.

வீதியின் திருப்பத்தில் ஒரு திண்ணையில் சற்று அமர்ந்தேன். மாளிகைகள் கட்டியவர்களின் பெயர்களை அவ்வழிப் போவோரிடம் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? பழந்தாள் சேர்த்தவரின் பெயரோ உலகத்துப் பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது.

தரமணியில்

சென்னையில் பறக்கும் ரயிலில் இந்திரா நகர் நிலையத்தில் இறங்கி, தரமணியில் உள்ள அந்த நூலகத்திற்குச் சென்றேன். மரங்கள் சூழ்ந்த வளாகம். உள்ளே ஆலயத்தில் உள்ளது போன்ற அமைதி. வாசகர்கள் தாமே அலமாரிக்குள் புகுந்து எடுக்க இயலாது. பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் நூலைக் கொண்டுவந்து தருகிறார்கள். நைந்துபோன ஏடுகளை நுண்படமாகவும் பின்னர் மின்னுருவாகவும் பதிவு செய்து காக்கும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. கோட்டையூரிலிருந்து வந்த தொகுப்பு இன்று பன்மடங்கு வளர்ந்திருக்கிறது.

என் பையிலிருந்த நூலை எடுத்து அங்கிருந்த ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை இரு கைகளாலும் வாங்கினார். நாம் திருப்பண்டத்தை வாங்குவோமே, அப்படி வாங்கினார். பக்கங்களை மெல்லத் திருப்பினார். தாளையும் எழுத்தின் அச்சையும் உற்றுப் பார்த்துவிட்டு, "முகப்பு இல்லாததால் உடனே சொல்ல முடியாது, ஃபாதர். தேடினால் இதே நூலின் வேறு பிரதி எங்காவது கிடைக்கலாம்" என்றார். பிறகு ஓரத்துப் பென்சில் எழுத்தைச் சுட்டி, "ஆனால் இது இந்த ஒரு பிரதியில்தான் இருக்கும். இதைத்தான் நீங்கள் காக்க வேண்டும்" என்றார்.

அச்சிட்டது போனாலும் வேறிடத்தில் இருக்கலாம். கைப்பட எழுதியது போனால் போனதுதான். அவர் ஒரு நூலகருக்குரிய செய்தியாகத்தான் அதைச் சொன்னார். எனக்கோ அது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்கும் புத்திமதி போலிருந்தது.

இரண்டு நூல்கள் இருந்த வீடு

திரும்பும் வழியில் இன்னொரு வீடு என் நினைவுக்கு வந்தது. அது ஸ்பெயின் நாட்டில் அஸ்பெய்த்தியா என்னும் ஊரின் அருகே உள்ளது. 1521ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த வீரர் ஒருவரை அந்த லொயோலா மாளிகைக்குத் தூக்கி வந்தார்கள். படுக்கையில் பொழுது போகவில்லை. வீரக்காதல் கதைகள் வேண்டுமென்று கேட்டார். அவர் கேட்டது அவ்வீட்டில் இல்லை. இருந்தவை கிறிஸ்துநாதரின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும் மட்டுமே. வேறு வழியின்றி அவற்றைப் படிக்கத் தொடங்கியவர், பின்னர் படிப்பதோடு நில்லாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் தொடங்கினார். ஆண்டவரின் வார்த்தைகளைச் சிவப்பு மையிலும் தேவ அன்னையின் வார்த்தைகளை நீல மையிலும் எழுதினார். அந்த வீரர்தாம் புனித இஞ்ஞாசியார். அவ்வீட்டில் இரண்டு நல்ல நூல்கள் இல்லாதிருந்தால் சேசு சபை தோன்றியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் படித்த புனிதர் வரலாறு ஸ்பெயினில் 'ஃபுளோஸ் சாங்க்தோரும்' என்ற பெயரால் வழங்கிற்று. 'புனிதர்களின் மலர்' என்பது பொருள். இதே பெயரில் 1586இல் தமிழிலும் ஒரு நூல் அச்சாயிற்று. அதுவே 'அடியார் வரலாறு'. அதை ஆக்கியவர் இஞ்ஞாசியாரின் சபையைச் சேர்ந்தவரும், முத்துக்குளித்துறையில் உழைத்து 1600இல் உயிர்நீத்தவருமான அண்டிரிக் அடிகளார். அவரே 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூலையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழிகளுள் தமிழே முதலில் இந்திய மண்ணில் அச்சேறியது என்ற பெருமை அச்சிறு நூலால் வந்தது. முதல் அச்சு நூலே நம் மறைக்கல்வி நூல்!

ஆனால் அந்நூலின் பிரதி இன்று எங்கே இருக்கிறது? கொல்லத்தில் இல்லை; தூத்துக்குடியில் இல்லை; நம் இல்லம் எதிலும் இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அந்தாம் தெ புரோயன்சா அடிகளார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை உரோமையிலுள்ள வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் நம் தனிநாயகம் அடிகளார். நம் முன்னோர் உழைத்து ஆக்கியவற்றை அயலார் காத்தனர். நாமோ தேடிக்கொண்டு கப்பலேற வேண்டியிருந்தது.

காலநிலையும் கறையானும் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. என்னுடைய இரண்டு சாக்குகளும் கண்முன் வந்து நின்றன.

வீட்டில் பிறந்த நூலகம்

யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தை அறியாத தமிழர் இல்லை. அதன் தொடக்கம் ஒரு வீடு என்பதைப் பலர் அறியார். 1933இல் செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலேயே நூல்களை வைத்துப் பிறருக்குப் படிக்கக் கொடுத்தார். அந்த விதையே மரமாயிற்று. அதை வளர்த்தவர்களுள் நம் குருவானவராகிய லோங் அடிகளாரும் ஒருவர். 1981இல் மே மாதம் முடிந்து சூன் பிறக்கும் இரவில் அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பன்மொழிப் புலவராகிய தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். இன்று அக்கட்டடம் மீண்டும் எழுந்து நிற்கிறது. எரிந்த ஏட்டுச் சுவடிகள் திரும்பவில்லை.

பகைவர் எரித்தால் உலகம் அழுகிறது. நாமே எடைக்குப் போட்டால் எவரும் அழுவதில்லை. இழப்பு என்னவோ இரண்டிலும் இழப்புத்தான்.

நான் கற்பனையில் காணும் அலமாரி

ஒவ்வொரு கத்தோலிக்க இல்லத்திலும் எப்படிப்பட்ட நூலகம் இருக்க வேண்டும்? கோட்டையூர் வீட்டைப்போல் இலட்சம் நூல் வேண்டியதில்லை. மூன்று தட்டுள்ள ஓர் அலமாரி போதும்.

மேல் தட்டில் திருவிவிலியம் இருக்கட்டும். கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதனருகே புனிதர் வரலாறுகளும், குடும்பச் செபப் புத்தகமும், இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகளும் இருக்கட்டும்.

நடுத் தட்டில் தமிழ் நூல்கள். திருக்குறள் இல்லாத தமிழில்லம் கூடாது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் நம்மவர் அல்லரோ? புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் பாடிய 'தேம்பாவணி' 3,615 பாடல்கள் கொண்ட காப்பியம். முழுவதும் விளங்காவிட்டாலும், உரையோடு சிறிது சிறிதாகப் படிக்கலாம். குளத்தூரில் பிறந்து மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். அதைப் படித்துப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவருடைய 'பெண்மதி மாலை' பெண்கல்விக்காக எழுந்த நூல். பழஞ்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பெரியோரும் மாணவரும் படிக்கத் தக்கது. தனிநாயகம் அடிகளாரின் 'ஒன்றே உலகம்' வீட்டிலிருந்தபடியே உலகைச் சுற்றிக் காட்டும். பிள்ளைகளுக்கான கதை நூல்கள் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். கிழியும் என்று அஞ்சிப் பூட்டி வைக்காதீர்கள். வாசித்துக் கிழிந்த நூலை ஒட்டிக்கொள்ளலாம்.

கீழ்த் தட்டை அச்சுக்கூடம் தராத நூல்களுக்கு ஒதுக்குங்கள். பாட்டி எழுதி வைத்த பாட்டு நோட்டு, தாத்தாவின் நாட்குறிப்பு, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்கள், திருமண ஓலை, முதல் நன்மைப் படம், இறந்தோர் நினைவு அட்டை ஆகிய அனைத்தும் அங்கே இருக்கட்டும். இவற்றின் பிரதி ஹார்வர்டிலும் இல்லை, உரோமையிலும் இல்லை. நம் மறைமாவட்ட மாத இதழின் பன்னிரண்டு பிரதிகளை ஆண்டு முடிவில் ஒன்றாகத் தைத்து வைத்தால், பேரப்பிள்ளைகளுக்கு அதுவே வரலாறு.

வாங்கப் பணமில்லை என்பார்கள். ஞானஸ்நானம், முதல் நன்மை, உறுதிபூசுதல், திருமணம் என்று ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு நூல் பரிசளிக்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் நாளையும் காரணத்தையும் எழுதுங்கள். ஒரு தலைமுறைக்குள் அலமாரி நிறைந்துவிடும். ஈரச் சுவரில் ஒட்டாமல் அலமாரியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை நூல்களை எடுத்துத் தூசி தட்டுங்கள். உலர்ந்த வேப்பிலை இடுங்கள். எல்லாவற்றிலும் மேலாக, எடுத்துப் படியுங்கள். அடிக்கடி கைபடும் நூலைக் கறையான் அவ்வளவு எளிதில் அணுகாது. சிறையிலிருந்த புனித சின்னப்பர் தம் சீடர் திமொத்தேயுவிடம் மேலங்கியைக் கொண்டுவரச் சொன்னபோது, நூல்களையும் மறவாமல் கேட்டார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி

சென்னையிலிருந்து திரும்பியதும் என் பழைய பங்கிற்குப் போனேன். அந்த உபதேசியாரின் பேத்தி அவ்வூரிலேயே ஆசிரியையாக இருக்கிறார். துணியில் சுற்றிய நூலை அவரிடம் கொடுத்தேன். அவர் திண்ணையில் அமர்ந்து ஓரத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. மரண ஆபத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தையின் பெயர் அங்கே இருந்தது. "இது எங்கள் அம்மா, சாமி" என்றார். பிழைக்காது என்று அஞ்சிய அக்குழந்தை பிழைத்து வளர்ந்து, இவரைப் பெற்றுப் பேரப்பிள்ளைகளையும் கண்டு மறைந்திருக்கிறது.

நூலை விவிலியத்தின் அருகே வைத்துவிட்டு வந்தவர் என்னைப் பார்த்து, "தாத்தாவின் மற்ற புத்தகங்கள் எங்கே, சாமி? ஒரு பெட்டி நிறைய இருந்தது என்று அம்மா சொல்வார்களே" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் மன்னித்துவிட்டார், காப்பியும் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, அதே கேள்வியை நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களிடம் கேட்பார்கள். அலமாரியைத் திறந்து காட்டும் பேறு உங்களுக்குக் கிடைக்கட்டும். அடுத்த முறை நான் வீடு மந்திரிக்க வரும்போது, அந்த அலமாரிக்கும் தீர்த்தம் தெளிப்பேன்.